மீன் மணம் அறியாத கருவி

நீர் போய் ஒரு வருசம். உமது ஆட்டத்திவசத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டு எழும்பி முற்றத்தில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள். நானும் வெளிக்கிட்டுவிட்டேன். உம்முடைய கணவர் "கொஞ்சம் நில்லுங்கோ ரீச்சர்" என்று சொல்லி உள்ளே போய், சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"இதை உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவ. நான்தான் இவ்வளவு நாளும் தராமல் வைச்சிருந்திட்டன்" என்றார்.

ஏன் வைத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை. நீர் விரலால் பிடிக்கிற இடத்தில் அதன் வெள்ளை மங்கிப்போய் இருந்தது. அந்த இடத்தில் என் விரலை வைக்க மனம் வராமல் ஓரத்தில் பிடித்தபடி சாவகச்சேரியில் பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து அதைக் குசினி மேசையில் வைத்தேன். மறுநாள் ஞாயிறு. தம்பி கடலேரியிலிருந்து கொண்டுவந்து தந்த மீனைப் பொரித்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை அடித்ததால் யன்னலெல்லாம் பூட்டியிருந்தது. ஏதோ நினைப்பில் திரும்பிப் பார்த்தால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? ஓடிப்போய்ச் சட்டியை மூடியால் மூடினேன். மீனை மறைத்தேன்.

"இதுக்கு மீன் மணம் தெரியாதப்பா" என்று நீர் எத்தனை தரம் சொல்லியிருப்பீர். ஆட்கள் விடும் மூச்சிலும் அடுப்பு நெருப்பிலும் வருகிற காபனீரொட்சைட்டு அறைக்குள் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை மட்டும் காட்டுகிற கருவி அது. பூட்டிய குசினியில் அடுப்பு எரிந்தால் சிவக்கத்தான் செய்யும். எனக்கு அது தெரியும். வீட்டில் வேறு யாரும் இருக்கவுமில்லை. அப்படியிருந்தும் கன்னம் இரண்டும் சுட்டது. அந்தச் சூடு இன்னும் ஆறாததால்தான் இதை உமக்கு எழுத உட்கார்ந்தேன்.

நீர் எங்கள் பாடசாலைக்கு மாற்றலாகி வந்த நாளில் ஆசிரியர் அறையில் வெறுமையாய்க் கிடந்த கதிரை என்னுடைய கதிரைக்குப் பக்கத்தில் மட்டும்தான். நீர் விஞ்ஞானம், நான் தமிழ். உமக்கு வயலும் தென்னங்காணியும் உள்ள தென்மராட்சிக் குடும்பம். எனக்கு அரியாலையில் கடலேரிக் கரை. அப்பா இறால் பிடித்தார், அம்மா அதைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றார். ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த விசயம்தான். ஆனால் யாரும் என் முன்னால் சொல்லமாட்டார்கள். நானும் சொல்லமாட்டேன். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது எங்கள் ஊரில் ஒரு மரியாதை.

ஒருநாள் மற்றவர்கள் கூட்டத்துக்குப் போயிருந்த நேரம், தனியாக இருக்கிறேன் என்று நம்பி என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன். இறால் பொரியல். நீர் கதவடியில் நின்றீர். நான் மூடப் போனேன். நீர் வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, கேட்காமலே ஒன்றை எடுத்து வாயில் போட்டீர்.

"எங்கடை வீட்டிலை அம்மா குசினிக்குள்ளை மீன் விடமாட்டா" என்றீர், இரண்டாவதை எடுத்துக்கொண்டு. "அவவுக்குச் சொல்லிப்போடாதையும்."

அன்றிலிருந்து இறால் கிடைக்கும் நாட்களில் உமக்கென்று தனியாக ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்தேன். ஆனால் அதை எப்போதும் இரண்டு பொலித்தீன் பைக்குள் கட்டித்தான் கொண்டுவந்தேன் என்பதை நீர் கவனித்தீரோ தெரியாது.

பிறகுதான் அந்த ஸ்மார்ட் வகுப்பறை வந்தது. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு பழைய அறையைப் புதுப்பித்துத் தந்தது. பழைய மரயன்னல்களைக் கழற்றிவிட்டு அலுமினியச் சட்டத்தில் திறக்கவே முடியாத கண்ணாடி போட்டார்கள். ஏசி, பெரிய திரை, நிலத்துக்குக் கம்பளம், கண்ணாடிக்குத் தடித்த திரைச்சீலை. திறப்பு விழாவுக்கு நாங்கள் எல்லோரும் சேலை எடுத்து உடுத்துப் படம் எடுத்தோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த அறை கிடைத்தது. வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போகும்போது அவர்கள் கோயிலுக்குள் போவதுபோல் போனார்கள்.

கொஞ்ச நாளில் முறைப்பாடு தொடங்கியது. இடைவேளைக்குப் பிறகு பிள்ளைகள் தூங்கி விழுந்தார்கள். தலையிடி என்றார்கள். மத்தியானத்தில் அந்த அறைக்குள் நுழைந்தால் முகத்தில் ஒரு கனத்த வாடை வந்து மோதும். விளையாடி வியர்த்த உடம்பு, காலுறை, சாப்பாட்டுப் பெட்டி, ஏசித் தண்ணீர் கசிந்து ஈரமான கம்பளம் எல்லாம் கலந்தது. ஆனால் யாரோ ஒரு பிள்ளை அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டது. வெடுக்கு. மீன் வெடுக்கு. ஒருவர் சொன்னதும் மற்ற எல்லோருடைய மூக்கும் அதைக் கண்டுபிடித்துவிட்டது.

அந்த வகுப்பில் எங்கள் கரைப் பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். கௌசிகா அவர்களில் ஒருத்தி. என் பாடத்தில் வாய்விட்டு வாசிப்பவள், குரலில் நடுக்கம் இல்லாதவள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை இடம் மாற்றிக் கேட்டது. பிறகு முன்னால் இருந்த பிள்ளையும் கேட்டது. ஒரு திங்கட்கிழமை கௌசிகா கழுத்து முழுக்கப் பவுடர் பூசிக்கொண்டு வந்தாள். வியர்வையில் அது திட்டுத்திட்டாகக் கட்டிப்போய் வெள்ளைக் கோடாக நின்றது. அவளை வாசிக்கச் சொன்னேன். எழும்பி நின்றவள் புத்தகத்தை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு வாசித்தாள். மூச்சுக்கூட வெளியே போகக்கூடாது என்பதுபோல.

அவள் வயதில் நானும் விடியற்காலையில் தேசிக்காய்த் தோலால் கையையும் முழங்கையையும் சிவக்கச் சிவக்கத் தேய்த்தவள்தான். எரியும். எரிந்தால்தான் மணம் போயிருக்கிறது என்று நம்புவேன்.

அந்தக் கிழமையே அதிபர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுசன், உமக்கும் தெரியும். கதிரையில் இருக்கச் சொல்லி, மேசையிலிருந்த பேனையை இடம் மாற்றி மாற்றி வைத்துவிட்டுத் தொடங்கினார்.

"ரீச்சர், ஒரு சின்ன விசயம். அந்தக் கரைப் பக்கத்துப் பிள்ளையள்... குளிச்சு முழுகி, தோய்ச்ச உடுப்பாப் போட்டுக்கொண்டு வரச் சொல்லி ஒருக்காச் சொல்லுறீங்களே? நாங்கள் சொன்னால் வேறை மாதிரி எடுப்பினம். நீங்கள் சொன்னால் கேப்பினம்."

நீங்கள் சொன்னால். அந்த இரண்டு சொல்லையும் அவர் எவ்வளவு மெதுவாகச் சொன்னார். இருபது வருசமாக அந்தப் பாடசாலையில் தமிழ் படிப்பித்தவள், அந்த மேசைக்கு முன்னால் ஒரு நொடியில் மீன் கூடை தூக்கிய அம்மாவின் மகளாகிவிட்டேன். அம்மாவின் மகள் என்பதில் எனக்கு என்ன குறை? ஒன்றுமில்லை. ஆனாலும் தலை தானாகக் குனிந்தது. ஓம் என்றும் சொல்லாமல் மாட்டேன் என்றும் சொல்லாமல் எழும்பி வந்தேன்.

ஆசிரியர் அறையில் நீர் என் முகத்தைப் பார்த்துவிட்டு விடவேயில்லை. கேட்டுக் கேட்டு வாயைத் திறக்கவைத்தீர். முழுவதையும் கேட்டபின் உமக்கு ஒரு கேள்வி வந்தது.

"அந்தப் பிள்ளையள் போன வருசமும் இதே பிள்ளையளோடைதானே இருந்து படிச்சவை?"

"ஓம்."

"அப்ப மணக்கேல்லையே?"

"அப்ப யன்னல் இருந்தது" என்றேன் நான், ஏதோ சொல்ல வேண்டுமே என்று.

நீர் கதிரையை விட்டு எழும்பிவிட்டீர். "அதுதான்! அதுதானப்பா!" என்று கத்தினீர்.

மறுநாள் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்தீர். லண்டனில் இருக்கிற உம்முடைய தம்பி தன் பிள்ளைகளின் பாடசாலையில் வைத்திருப்பதைக் கண்டு உமக்கும் ஒன்று வாங்கி அனுப்பியது. காற்று நல்லதாக இருந்தால் பச்சை, கெட்டால் மஞ்சள், மிகக் கெட்டால் சிவப்பு. காலையில் வகுப்பு மேசையில் வைத்தபோது பச்சையாக எரிந்தது. முதலாம் பாடம் முடியுமுன் மஞ்சள். இரண்டாம் பாடத்தில் சிவந்தது, பிறகு வீட்டுக்குப் போக மணி அடிக்கும்வரை மாறவேயில்லை. மாமரத்தடிப் பழைய வகுப்பறைக்குக் கொண்டுபோனீர். அங்கே பிள்ளைகள் நெருக்கியடித்து இருந்தும் நாள் முழுக்கப் பச்சை.

"ஏசி காத்தைக் குளிராக்கும், மாத்தாது" என்று எனக்கு விளங்கப்படுத்தினீர். "வெளியிலை இருந்து புதுக்காத்து வராட்டில் ஒருத்தர் விட்ட மூச்சைத்தான் மற்றவர் இழுக்கிறார். தலையிடியும் நித்திரையும் அதாலைதான். மணமும் போக வழியில்லாமல் உள்ளுக்கை நிக்குது. இந்தப் பெட்டிக்கு மீன் மணமும் தெரியாது, மல்லிகைப்பூ மணமும் தெரியாது. ஆரின்ரை மூச்செண்டும் தெரியாது."

அதைச் சொன்னபோது உம்முடைய முகத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் சந்தோசம் இருந்தது. விடை கண்டுபிடித்தால் கணக்கு முடிந்துவிட்டது என்று நம்புகிற சந்தோசம். எனக்கும் அன்றைக்கு நம்பிக்கை வந்தது.

பெற்றோர் கூட்டம் மண்டபத்தில் நடந்தது. ஒரு தாய் எழும்பி, மிகத் தன்மையாகத்தான் கதைத்தார்.

"பிள்ளை வீட்டை வந்து தலையிடி எண்டு படுக்கிறாள். பூட்டின அறைக்குள்ளை ஒரே மீன் வெடுக்காம். நாங்கள் ஒருத்தரையும் குறை சொல்லேல்லை. அந்தப் பிள்ளையளுக்கு வேறை அறை குடுக்கலாம்தானே? அவையளுக்கும் அது சுகம்."

கரைப் பக்கத்துத் தாய்மார் இருவர் கதவடியில் நின்றார்கள். கதிரை கிடந்தும் அதில் இருக்கவில்லை. அவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள்.

நீர் எழும்பினீர். பெட்டியைக் காட்டி, காற்று, மூச்சு, யன்னல் எல்லாவற்றையும் சொன்னீர். நன்றாகத்தான் சொன்னீர். சிலர் தலையாட்டினார்கள். அந்தத் தாய் சிரித்துக்கொண்டே, "உதெல்லாம் சரி ரீச்சர், ஆனா எங்களுக்கும் மூக்கு இருக்குதுதானே" என்றார். மண்டபம் சிரித்தது.

உமக்குக் கோபம் வந்துவிட்டது. உம்முடைய கழுத்து சிவந்ததை நான் கண்டேன். கண்டும், நீர் என்ன செய்யப்போகிறீர் என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்ப இந்த ரீச்சரைப் பாருங்கோ" என்று என் பக்கம் கையை நீட்டினீர். "இவவின்ரை அப்பாவும் கடலேரியிலை இறால் பிடிச்சவர்தான். இவவும் அந்தக் கரையிலைதான் இருக்கிறா. உங்கடை பிள்ளையளுக்கு இவ்வளவு காலமும் தமிழ் படிப்பிச்சவ. இவ மணக்கிறாவோ? சொல்லுங்கோ, மணக்கிறாவோ?"

மண்டபம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. முன்வரிசையில் எனக்குக் கிட்ட இருந்த ஒருவருடைய மூக்கு மெல்ல விரிந்தது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. மணக்கிறதா என்று கேட்டால் யாரும் மூச்சை இழுத்துப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். ஆனால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் என்னை மோந்து பார்த்த அந்தக் கணம் என் உடம்பிலிருந்து இன்னும் இறங்கவில்லை.

நான் சிரித்தேன். ஒரு பகிடியைக் கேட்டவள்போலச் சிரித்துவிட்டு, தண்ணீர்க் குழாயடிக்குப் போய் நின்று கைகழுவினேன். ஏன் கழுவினேன்? கையில் ஒன்றும் இருக்கவில்லை.

கூட்டம் முடிந்து நீர் சைக்கிள் விடும் இடத்துக்கு ஓடி வந்தீர்.

"நான் உமக்காகத்தான் கதைச்சனான்" என்றீர்.

"எனக்காக நீர் இனிக் கதைக்க வேண்டாம்."

"நான் பிழையா ஒண்டும் சொல்லேல்லையே. உண்மையைத்தானே..."

"ஓம். உண்மைதான்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

அதன்பிறகு நாங்கள் பேசவில்லை. கதிரைகள் பக்கத்தில் பக்கத்தில்தான் கிடந்தன. நீர் வினாத்தாள் திருத்துவீர், நான் திருத்துவேன். இறால் கொண்டுவருவதை விட்டேன். நீர் மன்னிப்பும் கேட்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாகத் திரிந்தீர். எனக்கு உம்மில் ஆத்திரமாகவும் இருந்தது, உம்மைப் பார்க்காவிட்டால் அந்தரமாகவும் இருந்தது.

எங்கள் கரையில் அம்மன் கோயில் பொங்கல் வந்தது. கரைப் பிள்ளைகள் ஒருவரும் பாடசாலைக்கு வரவில்லை. எனக்குப் பாடம் இருந்ததால் நான் வந்தேன். மத்தியானத்துக்குப் பிறகு எட்டாம் வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அறை வழக்கம்போலப் புழுங்கியது. கூட்டத்தில் கதைத்த அந்தத் தாயின் மகள் மேசையில் தலை வைத்துப் படுத்திருந்தாள். அப்போது நீர் அதிபரைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தீர்.

"சேர், வெளியிலை காத்தாட நிண்டனீங்கள்தானே? இப்ப உள்ளை வாங்கோ."

அதிபர் உள்ளே ஒரு காலை வைத்தார். முகம் சுருங்கியது. தன்னை அறியாமல் பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்தார்.

"இண்டைக்கு அந்தப் பிள்ளையள் ஒருத்தரும் வரேல்லை" என்றீர் நீர். "ஆனா நீங்கள் லேஞ்சியை எடுத்திட்டீங்கள். இப்ப ஆர் சேர் மணக்கிறது?"

என் மேசையில் நீர் வைத்த பெட்டி சிவப்பாக எரிந்தது. வகுப்பு நடுவிலிருந்து ஒரு பிள்ளை, "ஒவ்வொரு நாளும் உப்பிடித்தான் சேர்" என்றது. அதிபர் லேஞ்சியை மடித்து மடித்துப் பைக்குள் வைத்தார். "ஓம்... அறைதான். அறைதான்" என்றார். அவருக்கும் வெட்கமாக இருந்தது, பாவம்.

நீர் வென்றுவிட்டீர். அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? கரைப் பிள்ளைகள் யாரும் இல்லைத்தான். ஆனால் கரையைச் சேர்ந்த ஒருத்தி அந்த அறைக்குள் நின்றாள். நான். அப்படியானால் மணப்பது நானோ? விஞ்ஞானம் எல்லாம் விளங்கியிருந்தும், சிவப்பு விளக்கு கண்ணுக்கு முன்னால் எரிந்தும், அந்த நினைப்பு வந்துவிட்டது. நான் புத்தகத்தை வைத்துவிட்டு விறாந்தைக்கு வந்து நின்றேன். நீர் அறைக்குள் இருந்து கண்ணாடிக்கூடாக என்னைப் பார்த்தீர். நான் ஏன் வெளியே போனேன் என்று உமக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும். உம்முடைய முகத்தில் இருந்த வெற்றி அப்படியே விழுந்தது.

பிறகு நடந்தது நல்லபடியாகவே நடந்தது. பழைய மாணவர்கள் முதலில் முறுகினார்கள், நீர் அவர்களுடன் தொலைபேசியில் மணிக்கணக்காகக் கதைத்தீர். கண்ணாடிகளைக் கழற்றித் திறந்து மூடுகிற யன்னல்கள் போட்டார்கள். சுவரில் காற்றை வெளியே தள்ளும் விசிறி வந்தது. கம்பளத்தைச் சுருட்டி எடுத்தார்கள். சிவப்பு விளக்கு மறைந்தது, தலையிடி மறைந்தது, அந்த வாடையும் மறைந்தது. அந்தத் தாய்கூட வந்து உமக்கு நன்றி சொன்னார். "பாவம், அந்தப் பிள்ளையளை வீணாச் சொல்லிப்போட்டம்" என்றார். ஆனால் அதை அவர் உமக்குத்தான் சொன்னார். கௌசிகாவுக்கு யாரும் சொல்லவில்லை. அவளுடைய கழுத்தில் பவுடர்க் கோடு அப்படியேதான் இருந்தது.

நாங்கள் திரும்பவும் பேசத் தொடங்கினோம். பாட அட்டவணை, பரீட்சை, மழை, பஸ் பிந்தியது. கூட்டத்தைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வருசம் உமக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. விடுமுறை எடுத்தீர். பெட்டியை உம்முடன் கொண்டுபோய்விட்டீர்.

உம்மைப் பார்க்க வந்த நாளில், அதிகாலையில் தலைமுழுகி, சலவைச் சேலை உடுத்து, எண்ணெய்கூட வைக்காமல் வந்தேன். வாசலிலேயே உம்முடைய கணவர் தயங்கிச் சொன்னார்.

"மருந்து ஏத்தினாப் பிறகு அவவுக்கு ஒரு மணமும் தாங்கேலாது ரீச்சர். சோறு கொதிக்கிற மணத்துக்கும் சத்தி எடுக்கிறா."

நான் உள்ளே வந்து உம்முடைய கட்டிலுக்குக் கிட்டப் போனேன். நீர் என்னைக் கண்டு சிரிக்கத் தொடங்கினீர். அடுத்த அடி வைத்தேன். துவாயை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டீர்.

அப்படியே நின்றேன். உம்முடைய கணவர் பாத்திரத்துடன் ஓடி வந்தார். சத்தி எடுத்து முடிந்து நீர் திரும்பியபோது கண்ணெல்லாம் தண்ணீர்.

"உம்மிலை இல்லையப்பா" என்றீர். "ஐயோ, உம்மிலை இல்லை. சவர்க்கார மணமாக்கும். எல்லாத்துக்கும்தான் வருகுது. உம்மிலை இல்லை."

"எனக்குத் தெரியும்" என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே என் கால் பின்னால் பின்னால் போனது. எங்கள் இருவரில் யாருக்குக் கூடுதலாக வெட்கம் என்று சொல்ல முடியாது. ஒரு மண்டபத்துக்கு முன்னால் எனக்காக மூக்கைப் பற்றி வாதாடியவர் நீர். உம்முடைய மூக்கே உம்மை விட்டுக்கொடுத்துவிட்டது.

நான் போய் இரண்டு யன்னல்களையும் திறந்துவிட்டேன். வயற்காற்று உள்ளே வந்தது. நீர் காற்று வரும் திசையைப் பார்த்தீர். அந்த நிலையிலும் விஞ்ஞான ரீச்சர்தான்.

"அந்தப் பக்க யன்னலடியிலை கதிரையைப் போட்டிட்டு இரும். காத்து இஞ்சாலை இருந்து அங்காலை போகும். உம்மடை பக்கத்திலை இருந்து எனக்கு ஒண்டும் வராது" என்றீர்.

அந்த ஏற்பாட்டை நினைத்து இருவரும் சிரித்துவிட்டோம். ஒரு முழு அறையின் நீளத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீர். கொஞ்சம் சத்தமாகக் கதைக்க வேண்டியிருந்தது.

"அண்டைக்குக் கூட்டத்திலை எழும்ப முதல் உம்மைக் கேட்டிருக்க வேணும் நான்."

"ஓம்" என்றேன்.

"இன்னும் கோவமோ?"

"கொஞ்சம்."

நீர் தலையாட்டினீர். கூரைப் பக்கம் முகத்தைத் திருப்பினீர். பிறகு சொன்னது எனக்கு அரைவாசிதான் கேட்டது. எழும்பி நின்று காதைக் கொடுத்தேன்.

"எனக்கு இப்ப மருந்து மணமப்பா. என்ரை மேலிலை இருந்து வருகுது, எனக்கே தெரியுது. ஆர் வந்தாலும் கிட்ட வராதையுங்கோ எண்டு சொல்லத்தான் வாய் வருகுது. இவர் துடைச்சு விடேக்கை முகத்தைப் பார்க்கேலாமல் இருக்குது." நிறுத்தி மூச்சு வாங்கினீர். "சரியான வெக்கமா இருக்குது. உப்பிடி எண்டு எனக்குத் தெரியாது. அண்டைக்குத் தெரிஞ்சிருந்தால் அப்பிடிக் கேட்டிருக்கமாட்டன்."

"நீர் மணக்கேல்லை" என்றேன் நான் யன்னலடியிலிருந்து.

அவ்வளவு தூரத்திலிருந்து எனக்கு அது தெரிய வழியில்லை என்பது உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீர் மறுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டீர். நான் கிட்ட வந்து உம்முடைய கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொல்லியிருந்தால் நீர் நம்பியிருப்பீர். வந்தால் உமக்குச் சத்தி வரும். வராமல் இருந்தால் சொன்ன சொல்லுக்குப் பெறுமதி இல்லை. வரமுடியாமல் அந்தக் கதிரையிலேயே இருந்தேன், நீர் நித்திரையாகும்வரை. அடுத்த தடவை வந்தது செத்த வீட்டுக்கு. அன்றைக்குத்தான் உமக்குக் கிட்ட வரமுடிந்தது. சாம்பிராணி மணத்தில் வேறு எந்த மணமும் இருக்கவில்லை.

கௌசிகா இப்போது சாதாரண தரப் பரீட்சை வகுப்பில் இருக்கிறாள். திரும்பவும் வாய்விட்டு வாசிக்கிறாள், புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு. அதைப் பார்த்து எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்திருந்தேன். போன கிழமை பாடம் நடந்துகொண்டிருக்கும்போது புழுக்கமாக இருந்தது. நான் கதைத்துக்கொண்டே போய் அவளுக்குப் பக்கத்து யன்னலைத் திறந்தேன். வேறு ஒன்றும் நினைக்கவில்லை. திரும்பினால், அவள் தலையைச் சரித்துத் தன் தோள்மூட்டைப் பார்க்கிறமாதிரி மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்டுவிட்டேன் என்று தெரிந்ததும் முகம் கறுத்தது. பாடம் முடிந்து எல்லோரும் போனபின் மேசையடிக்கு வந்தாள்.

"மணக்குதோ ரீச்சர்?"

"இல்லையம்மா. வெக்கையா இருந்தது, அதுதான் திறந்தனான்."

"ஓம் ரீச்சர்" என்றாள். எனக்கு மரியாதைக்காக நம்பினாள். அந்த நம்பிக்கையை நான் நன்றாக அறிவேன். எத்தனையோ பேருக்கு நானும் அப்படித்தான் தலையாட்டியிருக்கிறேன்.

நீர் அந்த அறைக்கு யன்னல் கொண்டுவந்தீர். அந்தப் பிள்ளைக்கோ, யாராவது யன்னல் திறந்தால் அது தன்னால்தான் என்ற எண்ணம். எனக்கும் அதே எண்ணம்தான், இந்த வயதிலும். அதை எந்த விளக்கும் காட்டாது. உம்மால் முடிந்ததை நீர் செய்துவிட்டீர். மிச்சம் எங்களிடம்தான் கிடக்கிறது.

என்னால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று. இப்போது நான் பாடசாலைக்கு நேரத்தோடு போய்விடுகிறேன். கூட்டுகிறவர் வருமுன், முதல் பிள்ளை படலையைத் தாண்டுமுன், வகுப்பு வகுப்பாகப் போய் எல்லா யன்னல்களையும் திறந்து கொளுக்கி மாட்டிவிடுகிறேன். கடலேரிப் பக்கத்துக் காற்று உள்ளே வந்து மற்றப் பக்கத்தால் போகிறது. பிள்ளைகள் வரும்போது எல்லாம் திறந்தே கிடக்கும். யாருக்காகத் திறந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.